அத்தியாயம் 6: புதுப் பள்ளியில் முதல் பருவம்

சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா, வீட்டுக்குப் பக்கத்திலா, தெரபி மையத்துக்குப் பக்கத்திலா என்ற அலைச்சலெல்லாம் சென்ற அத்தியாயத்தோடு முடிந்தது. இடம் கிடைத்துவிட்டது. அந்த நாளிலிருந்து செப்டம்பரில் முதல் பருவம் முடியும்வரை என்ன செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஏ.டி.எச்.டி. என எது இருந்தாலும், பயிற்சி மையத்திலிருந்தோ சிறப்புப் பள்ளியிலிருந்தோ தமிழ்நாட்டின் பொதுப் பள்ளி ஒன்றுக்கு வரும் குழந்தையை மனத்தில் வைத்து எழுதியது இது. ஊர் மாறியதால் பள்ளி மாறுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். முதல் பருவத்தில் குழந்தை கற்க வேண்டியவை மூன்று: இடம், ஆட்கள், நாளின் ஒழுங்கு. பாடம் அதற்குப் பிறகுதான். புது அலுவலகத்தில் சேரும் பெரியவருக்கே முதல் வாரம் தண்ணீர் எங்கே, கையெழுத்து யாரிடம் என்பதிலேயே ஓடிவிடுகிறது. சத்தமும் கூட்டமும் மாற்றமும் மற்றவர்களைவிடப் பலமடங்கு உறைக்கிற குழந்தைக்கு இன்னும் கூடுதல் அவகாசம் வேண்டும். ஜூலையிலேயே "எழுதுகிறானா, படிக்கிறாளா?" என்று நெருக்கினால், இந்த மூன்றும் நிலைபெறாமலே போய்விடும்.

சட்டம்: தெரிந்திருந்தால் போதும், நீட்ட வேண்டியதில்லை

பள்ளியோடு உறவு தொடங்கும்போதே சட்டப்பிரிவுகளை எடுத்துவைக்க வேண்டாம். ஆனால் அவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 16ஆம் பிரிவின்படி, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் குழந்தையைச் சேர்க்க வேண்டும்; அந்தக் குழந்தைக்குத் தேவையான மாற்றங்களையும் செய்து தர வேண்டும். அங்கீகாரம் என்ற சொல் தனியார் பள்ளியையும் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயதுவரையான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை 31ஆம் பிரிவு தருகிறது.

கல்வி உரிமைச் சட்டம், 2009, சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதைத் தடை செய்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. அடிப்பதும் மனத்தைப் புண்படுத்தும் தண்டனையும் இதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை.

"எங்களிடம் வசதி இல்லை" என்று பள்ளி சொன்னால், "அதை எழுதிக் கொடுங்கள் சார்" என்று தணிந்த குரலில் கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் பேச்சின் போக்கு மாறுவது உண்டு. மாறாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அடுத்து மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்று படிப்படியாகப் போகலாம்.

சேர்க்கை நாளில் மறக்கக்கூடாத ஒரு வரி

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. அட்டை, மருத்துவ அறிக்கை, தெரபிஸ்ட் தந்த கடைசி அறிக்கை ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

சேர்க்கை முடிந்ததும் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது: "எமிஸ்ல சிறப்புத் தேவை உள்ள குழந்தைன்னு பதிவு பண்ணியாச்சா சார்? எந்த வகைன்னு போட்டிருக்கு?" பள்ளிக் கல்வித் துறையின் இந்த இணையப் பதிவில் குழந்தையின் பெயர் சரியான வகையில் இருந்தால்தான் வட்டார வள மையத்துக்கு அந்தக் குழந்தை இருப்பதே தெரியும். சிறப்பாசிரியர் வருகை, இயன்முறைப் பயிற்சி, உதவி உபகரணங்கள், போக்குவரத்துப் படி எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகின்றன. பதிவு விட்டுப்போனால் உதவியும் வராது. வரவில்லை என்று யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஒரு பக்கக் குறிப்பு

பத்துப் பக்க மருத்துவ அறிக்கையை வகுப்பாசிரியர் படிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவருக்கு நேரமில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். நோயின் பெயரைவிட, நாளைக் காலை பத்தரை மணிக்கு என்ன நடக்கும், அப்போது என்ன செய்யலாம் என்பதே அதில் இருக்க வேண்டும். ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு எழுதினால் இப்படி இருக்கலாம்:

*பிடித்தவை:* பஸ் நம்பர், மின்விசிறி, தண்ணீர். "21ஜி பஸ் வந்துச்சா?" என்று கேட்டால் முகம் மலர்ந்து பேசுவான்.

*பேச்சு:* இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுவான். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னால் கிண்டல் செய்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புரியவில்லை, அல்லது பயந்திருக்கிறான் என்று பொருள்.

*தாங்க முடியாதவை:* பெல், மைக், பின்னாலிருந்து தொடுவது, முட்டை வாசனை.

*முதல் அடையாளம்:* சட்டைக் காலரைக் கடிப்பான். அடுத்து காதைப் பொத்துவான்.

*அப்போது செய்ய வேண்டியது:* பேச்சைக் குறைத்து, வராந்தாவில் ஐந்து நிமிடம் உட்கார விடுங்கள். தானாகத் திரும்பி வருவான்.

*செய்ய வேண்டாதவை:* கையைப் பிடித்து இழுப்பது, "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்பது.

*கழிப்பறை:* தானாகக் கேட்க மாட்டான். சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, இரண்டு இடைவேளைகளிலும் ஒவ்வொரு முறை அனுப்பினால் போதும். எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. தானே கழற்றி மாட்டிக்கொள்வான்.

*சாப்பாடு:* தயிர்சாதம், வெறும் இட்லி. வேர்க்கடலை ஒவ்வாது.

*மருந்து:* எதுவும் இல்லை. வலிப்பு வந்ததில்லை.

*அவசரத்துக்கு:* அம்மா எண், தாத்தா எண்.

வலிப்பு வரும் குழந்தை என்றால் அதற்கு மட்டும் தனியாக நாலு வரி எழுதுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; வாயில் எதையும் வைக்காதீர்கள்; கையில் இரும்பு, சாவி கொடுப்பதால் பயனில்லை; ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள். இந்தத் தாளை வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் மட்டுமல்லாமல் சத்துணவு அமைப்பாளர், துப்புரவுப் பணியாளர், வேன் டிரைவர் எல்லாருக்கும் கொடுங்கள். குழந்தைக்குச் சிரமம் வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

மே மாத வேலைகள்

*இடத்தை வெறுமையாக இருக்கும்போது காட்டுங்கள்.* விடுமுறையில் தலைமையாசிரியர் இருக்கும் நாளாகப் பார்த்து அனுமதி கேளுங்கள். கேட், வகுப்பறை, உட்காரப்போகும் பெஞ்சு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை என்று வரிசையாக நடந்து காட்டுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து அச்சிட்டு, சின்ன ஆல்பமாகக் கட்டி, இரவில் கதை சொல்வதுபோல் காட்டுங்கள். "இது உன் ஸ்கூல் கேட். தாத்தா இங்கதான் விடுவார். இங்கதான் வந்து கூட்டிட்டுப் போவார்" என்ற கடைசி வரியைத் தவறவிடாதீர்கள். திரும்ப அழைத்துப்போக ஆள் வரும் என்று தெரிவதுதான் பாதி தைரியம்.

*சீருடை.* புதுத் துணியின் மொடமொடப்பும் கழுத்துப்பட்டையின் லேபிளும் சில குழந்தைகளுக்கு முள்ளாய்க் குத்தும். லேபிளை வெட்டி, பலமுறை துவைத்து, வீட்டில் முதலில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று போட்டுப் பழக்குங்கள். ஷூவும் சாக்ஸும் அப்படியே.

*கழிப்பறை.* வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் பழகியவர்கள் மே மாதத்திலேயே இந்திய முறைக் கழிப்பறைக்கு மாற வேண்டும். குந்தி உட்கார முடியாத குழந்தைக்குக் கைப்பிடி வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உதவிக்கு யார் வருவார் என்பது பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும். "யாராவது பார்த்துப்பாங்க" என்பது யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதற்குச் சமம். பெண் குழந்தைக்கு உதவுபவர் பெண்ணாகவே இருக்கட்டும்.

*சாப்பாடு.* தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் வரும். மதியம் சத்துணவும் முட்டையும். தட்டிலிருந்து சாப்பிடுவது, தரையில் வரிசையாக உட்காருவது, டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறப்பது எல்லாம் வீட்டிலேயே பழக்கத்தக்கவை. ஒரு சில உணவை மட்டுமே சாப்பிடும் குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடே கொடுத்து அனுப்புங்கள். புது இடமும் புது உணவும் ஒரே நாளில் வேண்டாம்.

*தூக்கம்.* பள்ளி நேரத்துக்குத் தூங்கி எழுவதைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதல் வாரங்கள்

*குறைந்த நேரத்தில் தொடங்கி, தேதி போட்டு நீட்டுங்கள்.* முதல் சில நாள் காலை இடைவேளை வரை, அடுத்து மதியச் சாப்பாடு வரை, பிறகு முழு நாள் என்று போகலாம். குழந்தை அழுது களைத்த பிறகு அழைத்துவருவதைவிட, இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்ற நிலையில் அழைத்துவருவது நல்லது. ஆனால் ஓர் எச்சரிக்கை. "அரை நாள் போதும்" என்று தொடங்கியது ஆண்டு முழுக்க அரை நாளாகவே நின்றுவிடக்கூடும். எந்தத் தேதியில் எத்தனை மணி வரை என்று தாளில் எழுதி, தலைமையாசிரியரும் நீங்களும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

*சொல்லாமல் நழுவாதீர்கள்.* குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது ஓடிவந்துவிடுவது அன்றைக்கு உதவும். மறுநாள் கேட்டிலேயே காலைக் கட்டிக்கொள்ளும். ஒரே வாக்கியம், ஒரே கையசைப்பு: "அம்மா போறேன். சாப்பாடு முடிஞ்சதும் வருவேன்." சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கேட்டில் நில்லுங்கள்.

*ஒப்படைப்பவரும் பெற்றுக்கொள்பவரும் மாறக்கூடாது.* ஒரு நாள் அப்பா, ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா என்று முதல் மாதத்தில் மாற்ற வேண்டாம். கேட்டில் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவதும் ஒரே ஆளாக இருக்கட்டும். ஆசிரியராகவோ ஆயாவாகவோ இருக்கலாம்.

*காலை வழிபாட்டுக் கூட்டம்.* முதல் வாரம் தடுமாறும் இடங்களில் இது முதன்மையானது. மணி அடிக்கிறது. எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் மைதானத்துக்கு ஓடுகிறது. ஒரு கை தூரம் விட்டு வரிசை. மைக் 'கீய்' என்று அலறி அடங்குகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், இன்றைய செய்தி. இத்தனைக்கும் வெயிலில் அசையாமல் நிற்க வேண்டும். சத்தம் உறைக்கும் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வரிசையை விட்டு ஓடினால், "அடங்காத பிள்ளை" என்ற பெயர் முதல் நாளே விழுந்துவிடும். அன்று முழுவதும் அந்தப் பெயரோடுதான் வகுப்பில் உட்கார வேண்டும்.

இதற்கு வழிகள் உண்டு. ஒலிபெருக்கிக்கு எதிர்முனையில், வரிசையின் கடைசியில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும். அதுவும் முடியாவிட்டால் முதல் வாரம் வகுப்பறை வாசலிலிருந்து பார்க்கட்டும். அடுத்த வாரம் படியில். அதற்கடுத்த வாரம் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் வரிசையில். மணி அடிப்பதற்குச் சற்று முன்பு "இப்ப பெல் அடிக்கும்" என்று சொல்லிவைத்தாலே திடுக்கிடல் குறையும். கொஞ்சம் பழகிய பிறகு மணியடிப்பவர் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கலாம். எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

*படக் கால அட்டவணை.* வழிபாடு, தமிழ், இடைவேளை, கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அட்டையில் ஒட்டி, முடிந்ததை மடித்துவிட வேண்டும். "வீடு" படம் கடைசியில் இருப்பது குழந்தையின் கண்ணுக்கு எப்போதும் தெரிய வேண்டும். பேசாத குழந்தைக்கு இதோடு மூன்று அட்டைகள் கழுத்துக் கயிற்றில்: கழிப்பறை, தண்ணீர், "போதும்". இவற்றில் "போதும்" அட்டைதான் மிகவும் தேவையானது. அதைக் காட்டியதும் ஆசிரியர் இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்தால், கடிப்பதும் அடிப்பதும் பல நேரம் தேவைப்படாமலே போகும்.

*அம்மா வகுப்பில் உட்காருவது.* "நீங்களும் கூடவே இருங்கம்மா" என்று சில பள்ளிகள் கேட்கும். தனியார் பள்ளிகள் நிழல் ஆசிரியரை நீங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லும். ஆதரவு தருவது பள்ளியின் கடமை என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். தொடக்கத்தில் உட்காரத்தான் வேண்டும் என்றால், முதலில் வகுப்புக்குள், பிறகு வராந்தாவில், பிறகு கேட்டில் என்று விலகும் திட்டத்தோடு உட்காருங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருந்தால் ஆசிரியரும் குழந்தையிடம் நேராகப் பேசமாட்டார். மற்ற பிள்ளைகளும் நெருங்கமாட்டார்கள்.

ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது

மாலையில் கேட்டில் நடக்கும் வழக்கமான பேச்சு இது:

"டீச்சர், இன்னைக்கு எப்படி இருந்தான்?"

"நல்லாத்தாம்மா இருந்தான். அமைதியா உட்கார்ந்திருந்தான்."

இதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அமைதியாக இருந்தது பழகிவிட்டதாலா, பயத்தில் உறைந்ததாலா? கேள்வியை மாற்றிப் பாருங்கள்:

"டீச்சர், சாப்பாடு முடிச்சானா? பாத்ரூம் போனானா? இன்டர்வெல்ல யார் பக்கத்துல இருந்தான்?"

மூன்றும் ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடியவை. டைரியின் ஓரத்தில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் ஆசிரியர் டிக் அடித்துவிடுவார். அவருக்கு அரை நிமிடம் போதும். உங்களுக்கு மாத இறுதியில் ஒரு படமே கிடைத்துவிடும்.

புகார் வரும் நாளும் உண்டு.

"உங்க பையன் உட்காரவே மாட்டேங்கிறாம்மா. கிளாஸையே கெடுக்குறான்."

"உங்களுக்குச் சிரமம்தான் டீச்சர். எந்த நேரத்துல ரொம்ப எழுந்திருக்கிறான்? காலையிலயா, சாப்பாட்டுக்கு அப்புறமா?"

"மத்தியானம்தாம்மா. நாலு பேர் சத்தமா வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சா ஓடிடுறான்."

காரணம் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் கரும்பலகை துடைக்கவோ, அடுத்த வகுப்புக்கு நோட்டுக் கொண்டுபோகவோ அனுப்பலாமா என்று கேட்கலாம். குழந்தையை நிற்கவைத்துக்கொண்டு இந்தப் பேச்சை நடத்தாதீர்கள். பேசாத குழந்தைக்கும் காது கேட்கும். தன்னைப் பற்றிய குரலின் நிறம் புரியும்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரையான அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி குழுக்களாக உட்காரவைக்கிறார்கள். எழுத்து அறியாத குழந்தை அரும்புக் குழுவில் மற்றவர்களோடு பாடல், அட்டை, விளையாட்டு என்று செய்யலாம். தனியாக ஒதுக்கி உட்காரவைக்கத் தேவையில்லை. "எந்தக் குழுவுல இருக்கா? அந்தக் குழுவோட என்ன செய்யறா?" என்று கேளுங்கள்.

பள்ளியில் சாது, வீட்டில் புயல்

பள்ளியில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் பையைத் தூக்கி எறிந்து, தம்பியை அடித்து, அரை மணி நேரம் கத்தித் தீர்க்கிறாள். பல பெற்றோர் இதைத் தங்கள் வளர்ப்பின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். பகல் முழுவதும் சத்தத்தையும் கூட்டத்தையும் விதிகளையும் அடக்கித் தாங்கிய உடம்பு, பத்திரமான இடம் வந்ததும் அவிழ்கிறது, அவ்வளவுதான்.

முதல் பருவத்தில் பள்ளி விட்டு வந்த ஒரு மணி நேரத்தை வெறுமையாக வையுங்கள். கேள்வி கேட்காதீர்கள். பிடித்த தின்பண்டம், ஊஞ்சல், ஒரு வாளித் தண்ணீர், அல்லது போர்வைக்குள் சுருண்டு கிடப்பது என எது ஒத்துவருமோ அது. டியூஷன் வேண்டாம். தெரபியை வாரத்தில் ஒன்றிரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். பள்ளிக்குப் போய்வருவதே இப்போது பெரிய பயிற்சி.

மற்ற பிள்ளைகளும் பெற்றோரும்

வகுப்புப் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம், பிரசங்கம் செய்யவும் வேண்டாம். ஆசிரியர் இரண்டு வரி சொன்னால் போதும்: "இவளுக்குச் சத்தம் ரொம்பப் பெருசாக் கேட்கும். காதைப் பொத்தினா கொஞ்ச நேரம் விட்டுடுங்க. பந்து விளையாட ரொம்பப் பிடிக்கும், கூப்பிடுங்க." இதை வகுப்பில் சொல்லலாமா என்று உங்களிடம் ஆசிரியர் கேட்க வேண்டும், நீங்கள் சம்மதிக்க வேண்டும். சொல்வது புரியும் பிள்ளையாக இருந்தால் அவளிடமும் கேட்டுவிடுங்கள்.

துணைக்கு ஒரே தோழியை நியமிக்கும் வழக்கம் உண்டு. நல்ல நோக்கம்தான், ஆனால் அந்தச் சிறுமிக்கு அது வேலையாகிவிடும். வாரத்துக்கு இரண்டு பேர் என்று மாற்றினால் சுமையும் இல்லை, அறிமுகமும் கூடும்.

"அந்தப் பையன் பக்கத்தில் என் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள்" என்று சொல்லும் பெற்றோரும் இருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகள் அந்தச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள். நீங்களே உறுப்பினராகிவிட்டால் சாய்தளம், கைப்பிடி, கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றியெல்லாம் கேட்க யாருடைய தயவும் வேண்டியதில்லை.

சிறப்பாசிரியரும் மூன்று குறிக்கோள்களும்

வட்டார வள மையச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்க்கிறவர், தினமும் வரமாட்டார். வரும் நாளைத் தெரிந்துகொண்டு அன்று பள்ளிக்குப் போங்கள். குழந்தைக்கென எழுதும் தனிக் கல்வித் திட்டத்தில் முதல் பருவத்துக்கு மூன்றே குறிக்கோள்கள் போதும் என்று கேளுங்கள். "நன்றாகப் பழக வேண்டும்" என்பது குறிக்கோள் ஆகாது. அளந்து பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும்:

1. கேட்டிலிருந்து தன் பெஞ்சுவரை கை பிடிக்காமல் போவாள்.
2. தண்ணீர், கழிப்பறை இரண்டையும் அட்டை காட்டியோ சொல்லியோ கேட்பாள்.
3. குழு விளையாட்டில் பத்து நிமிடம் இருப்பாள்.

இந்த மூன்றும் வந்துவிட்டால் இரண்டாம் பருவத்தில் எழுத்தும் எண்ணும் ஏறத் தரை தயார்.

எப்போது கவலைப்பட வேண்டும்

முதல் மூன்று நான்கு வாரம் அழுகை, சாப்பாடு குறைவது, தூக்கம் கலைவது வழக்கமானவை. காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பும்போது இவை ஒரு வாரம் தலைகாட்டிப் போகும், பயப்பட வேண்டாம். கீழே உள்ளவை அப்படியல்ல:

- வந்திருந்த பேச்சோ கழிப்பறைப் பழக்கமோ போய்விட்டது. வாரங்கள் ஆகியும் திரும்பவில்லை.
- தன்னையே கடிப்பது, தலையை மோதுவது புதிதாகத் தொடங்கியிருக்கிறது.
- குறிப்பிட்ட ஓர் ஆளையோ அறையையோ கண்டால் மட்டும் நடுங்குகிறாள்.
- உடம்பில் காரணம் சொல்லப்படாத தழும்பு, கன்றல்.
- தினமும் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது, எடை குறைகிறது.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தை நடத்தையில்தான் காட்டும். உடல் காரணம் இல்லையென்றால், எழுத்தில் கேட்டு, தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். அடியோ பாலியல் தொல்லையோ என்ற சந்தேகம் வந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே 1098ஐ அழையுங்கள்.

பருவ முடிவில் ஒரு கணக்கு

செப்டம்பரில் ஒரு மாலை உட்கார்ந்து இவற்றுக்கு ஆம், இல்லை என்று எழுதுங்கள்.

1. காலையில் கிளம்பும்போது எதிர்ப்பு ஜூனைவிடக் குறைந்திருக்கிறதா?
2. பள்ளியில் பெயர் சொல்லும் ஓர் ஆளாவது, பெரியவரோ பிள்ளையோ, இருக்கிறாரா?
3. பள்ளியில் சாப்பிடுவதும் கழிப்பறை போவதும் நடக்கிறதா?
4. சிரமத்தைக் காட்ட அடிப்பது, கடிப்பது தவிர வேறு வழி வந்திருக்கிறதா?
5. உங்களிடம் பேசும்போது ஆசிரியர் புகாரோடு குழந்தையின் திறமை ஒன்றையாவது சொல்கிறாரா?

மூன்றும் அதற்கு மேலும் ஆம் என்றால் பள்ளி சரியான பாதையில் இருக்கிறது. பாடத்தைப் பற்றி இனிப் பேசலாம். இரண்டும் அதற்குக் குறைவும் என்றால் எதை மாற்றுவது என்று கூட்டத்தில் முடிவு செய்து, அரையாண்டுவரை பாருங்கள். எல்லாமே இல்லை என்று வந்து, பள்ளியும் கேட்கத் தயாராக இல்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள். அது குழந்தையின் தோல்வி ஆகாது. பலவகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் 2012 திருத்தம் தந்திருக்கிறது. ஆனால் தேர்வு செய்யும் உரிமை பெற்றோருடையது. அதைச் சொல்லிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் உரிமை பள்ளிக்கு இல்லை.

ஐந்து கேள்விகளிலும் மதிப்பெண் பற்றி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் பருவத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வரும்போது கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதன் அருகில் இந்தப் பட்டியலை ஒட்டிவைத்து, டிசம்பரில் மறுபடி எழுதிப் பாருங்கள்.